திறப்பு யார் கையில்?

சாட்டி நீரின் அருமையைத் தீவகத்தாருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கடல் சூழ்ந்த வேலணைத் தீவிலே, மணற்பாங்கான நிலத்தின் அடியில், உவர்நீரின் மேலே மெல்லிய படையாக மிதந்து நிற்பது அந்த நன்னீர். தாங்கி வண்டிகளில் வந்து சேரும் அந்நீரை நம்பியே தீவகத்தின் பல ஊர்கள் வாழ்கின்றன. அளவறிந்து அள்ளும்வரை அது கைகொடுக்கும். அளவு மீறி இறைத்தால் அடியிலே காத்திருக்கும் உவர் மேலேறும். ஏறிய உவரைத் திரும்ப இறக்குவது எளிதன்று. யார் அள்ளுவது, எதற்காக அள்ளுவது, எவ்வளவு அள்ளுவது என்னும் மூன்று கேள்விகளும் நம்மவர்க்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்விகள் அல்ல, உயிர்வாழ்வுக் கேள்விகள்.

இன்று இலங்கை அரசாங்கம் மற்றொரு கிணற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. இது நீர்க் கிணறன்று. நம்மைப் பற்றிய விபரங்களின் கிணறு. பிறப்பு, இறப்பு, காணி உறுதி, வரி, வங்கிக் கணக்கு, நோய்க் குறிப்பு, உர மானியம் ஆகிய எல்லாம் கடதாசிக் கோவைகளிலிருந்து கணினிக்கு இடம்பெயர்கின்றன. முகம், கண்மணி, கைவிரல் ரேகை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதியும் தனித்துவ அடையாளத் திட்டத்துக்கு 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இந்திய அரசு நன்கொடை வழங்க முன்வந்தது. இத்திட்டம் நன்றா தீதா என்ற விவாதத்தை இன்று நாம் எடுக்கவில்லை. திட்டம் எதுவாயினும், ஆட்சி எக்கட்சியின் கையிலிருப்பினும், கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்தக் கிணற்றின் திறப்பு யார் கையில்? அதை எந்த விதியின்படி அவர் பயன்படுத்துவார்?

இது கணினி வல்லுநர்கள் தமக்குள் பேசித் தீர்க்கும் விடயம் என்று நம் கமக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும்கூட அவ்வாறே ஒதுங்கக் காண்கிறோம். அது பெருந்தவறு. அணுகுவதற்கான உரிமையை வகுப்பது அரசியல். அதை இயந்திரத்தில் பொறிப்பது மட்டுமே தொழில்நுட்பம்.

2023 கற்பித்த பாடம்

2023ஆம் ஆண்டில் அரசாங்கத்துக்கே நேர்ந்த கதியை முதலில் நினைவூட்டுகிறோம். அரசாங்கத்தின் மின்னஞ்சல்களைத் தாங்கி நின்ற இலங்கை அரசாங்க மேகக் கணிமை அமைப்பு, கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு இரையாயிற்று. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. மே 17ஆம் நாள் தொடங்கி ஆகஸ்ட் 26ஆம் நாள் வரையான கடிதங்கள் மீட்க இயலாதபடி அழிந்தன. மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைச் செய்த நிறுவனம் அதற்கான பராமரிப்பை 2023 ஏப்பிரலிலேயே கைவிட்டுவிட்டது. காப்புப் பிரதி ஒன்று இருந்தது; அதுவும் அதே வலையமைப்பில் தொங்கிக்கொண்டிருந்தபடியால் அதையும் தீநிரல் பூட்டிவிட்டது.

முன்வீட்டுக்கும் களஞ்சிய அறைக்கும் ஒரே திறப்பை வைத்திருந்தால், அதைக் கைப்பற்றிய கள்வன் இரண்டையும் திறவாமல் போவானோ? ஒற்றைப் பிரதியின் கொடுமையை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியெடுத்து வைக்கப்படாத ஏட்டுச்சுவடிகள் சாம்பலாயின. தீ வைத்தவன் குற்றவாளி; அதில் ஐயமில்லை. ஆயினும் மறுபிரதி எங்கே என்ற கேள்வியைக் காப்பவனிடமே கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை 2023இல் கொழும்பு அரசாங்கம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

மதில் மட்டும் போதாது

கணினி வலையமைப்புகளின் காவலைப் பற்றிய பழைய கருத்து கோட்டை மதிலைப் போன்றது. வெளியே இருப்பவன் பகைவன். உள்ளே வந்துவிட்டவன் நம்பத்தக்கவன். வாயிலில் கடவுச்சொல் ஒன்றைக் கேட்பார்கள். அதைச் சொன்னவன் உள்ளே எந்த அறைக்கும் போகலாம். நம் கந்தோர்களில் கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டிவைக்கும் வழக்கம் இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். மதில் எவ்வளவு உயரமாயினும், வாயிற் சொல் சுவரிலே எழுதப்பட்டிருந்தால் என்ன பயன்?

இக்குறையை அறிஞர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டனர். 1975ஆம் ஆண்டில் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வகுத்த நெறிகளுள் மூன்றை இங்கே குறிப்பிடுகிறோம். அனுமதி வெளிப்படையாக வழங்கப்படாத எதுவும் மறுக்கப்பட்டதே என்பது முதலாவது. ஒருவருக்கு அவர் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை, அதற்கு மேல் அணுவளவும் இல்லை என்பது இரண்டாவது. பெரிய காரியங்களை ஒருவர் கையிலேயே விடாமல் இரு திறப்புகளால் மட்டுமே திறக்கும்படி வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. அரை நூற்றாண்டு கடந்தும் இம்மூன்றும் பழுதுபடவில்லை.

1992ஆம் ஆண்டில் பதவி வழி அணுக்கம் என்ற முறை வகுக்கப்பட்டது. ஆளைப் பார்த்து உரிமை கொடாமல், அவர் வகிக்கும் பதவியைப் பார்த்துக் கொடுப்பது அது. அதனினும் நுட்பமானது விதி வழி அணுக்கம். பதவி மட்டும் போதாது. கேட்பவர் யார், கேட்கப்படும் பொருள் எது, அதைப் படிக்கவா திருத்தவா, எந்த நேரத்தில், எவ்விடத்திலிருந்து, எந்த நோக்கத்துக்காக என்பனவற்றை எல்லாம் ஒவ்வொரு முறையும் எழுதிய விதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கதவு திறக்கும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் இதற்கான வழிகாட்டியை 2014இல் வெளியிட்டது. உள்ளே இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக எவனையும் நம்பற்க என்னும் கோட்பாட்டை 2020இல் தனி நூலாகவே அது வெளியிட்டது.

இம்முறையிலே கவனிக்கத்தக்கது, தீர்ப்புச் சொல்லும் இடமும் வாயில் காக்கும் இடமும் வேறுவேறாக இருப்பது. வாயிற்காவலன் தன் விருப்பப்படி எவரையும் விடவோ தடுக்கவோ முடியாது. விதியேடு ஓரிடத்தில் இருக்கும். எல்லா வாயில்களும் அதையே கேட்டு நடக்கும். விதி மாறினால் ஒரே நாளில் எல்லா வாயில்களிலும் மாறும். திறந்ததும் மறுத்ததும் ஒவ்வொன்றாகக் குறிப்பேட்டில் ஏறும்.

உதாரணத்துக்கு வேலணையிலுள்ள கமக்காரர் ஒருவரின் கோவையை எடுத்துக்கொள்வோம். காணிக் கிளையில் அந்த விடயத்தைக் கவனிக்கும் எழுதுவினைஞர் அவருடைய காணி விபரத்தைக் கடமை நேரத்தில், கந்தோர்க் கணினியிலிருந்து படிக்கலாம். அதில் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கு மேலதிகாரியின் இரண்டாவது ஒப்புதல் வேண்டும். அவருடைய நோய்க் குறிப்பை அந்த எழுதுவினைஞர் ஒருபோதும் காண முடியாது. அவருக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியரோ நோய்க் குறிப்பைக் காணலாம். காணி உறுதியைக் காண வேண்டியதில்லை. எழுதுவினைஞர் வேறிடம் மாறிச் சென்ற அன்றே அவருடைய திறப்பு செத்துவிட வேண்டும். இதில் விளங்காதது என்ன இருக்கிறது? ஒழுங்காக நடக்கும் சங்கக் கடை ஒன்றின் களஞ்சியத்தில் முகாமையாளரும் கணக்கரும் கைக்கொள்ளும் ஒழுங்கே இது.

அயலில் நிகழ்ந்த இரண்டு

இந்த ஒழுங்கு இல்லாதபோது நேர்வதைக் காட்ட இந்தியாவின் ஆதார் திட்டமே சான்று. 2018 ஜனவரியில், ‘த டிரிபியூன்’ பத்திரிகையின் நிருபர் ஒருவர் வெறும் 500 ரூபாவைக் கொடுத்து, ஆதார் எண்ணை இட்டால் அவ்வெண்ணுக்குரியவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் காட்டும் நுழைவுரிமை ஒன்றைப் பெற்றார் என்று அப்பத்திரிகை எழுதிற்று. கைரேகை முதலிய உடற்கூற்றுத் தரவுகள் கசியவில்லை என்றும், குறை தீர்ப்பதற்கென வழங்கிய தேடல் வசதியே துர்ப்பிரயோகம் செய்யப்பட்டது என்றும் ஆதார் ஆணையம் மறுமொழி கூறிற்று. அம்மறுமொழியை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் நம் வாதமே வலுப்பெறுகிறது. மதிலை எவரும் உடைக்கவில்லை. கொடுத்த திறப்பே கைமாறிற்று. இந்த வேலைக்கு, இந்த ஆளுக்கு, இத்தனை பேருடைய விபரம் மட்டும் என்ற விதி இருந்திருப்பின், 500 ரூபாவுக்கு ஒரு நாட்டின் கதவு திறந்திருக்குமா?

மறுபுறம் கூடங்குளத்தைப் பாருங்கள். 2019இல் அங்குள்ள அணு மின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருந்தது என்பதை இந்திய அணுமின் கழகம் முதலில் மறுத்தாலும், அக்டோபர் 30ஆம் நாள் ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்காக இணையத்தோடு தொடுக்கப்பட்டிருந்த கணினி. உலையை இயக்கும் வலையமைப்போ முற்றிலும் தனித்து வைக்கப்பட்டிருந்தது என்று கழகம் அறிவித்தது. கந்தோர் அறையில் புகுந்தவன் உலையறைக்குள் போகவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடுக்காமல் பிரித்து வைத்த ஒழுங்கின் பயன் அது.

தீவக மின்சாரம்

நம் தீவுகளுக்கு இன்னும் நெருங்கிய விடயம் ஒன்று உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் வெயிலாலும் காற்றாலும் மின்சாரம் வழங்கும் திட்டம் 2021 ஜனவரியில் சீனக் கம்பனி ஒன்றுக்கு வழங்கப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கு அண்மையில் சீனர் வருவதா என்று இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தரப்பு வேலையை இடைநிறுத்தியது. பின்னர் அது இந்திய நன்கொடைத் திட்டமாக மாறி, 2024 மார்ச் 1ஆம் நாள் பெங்களூர்க் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டது. 1,700 கிலோவாட் வெயில் மின், 530 கிலோவாட் காற்று மின், இவற்றோடு மின்கலத் தொகுதியும் டீசல் இயந்திரங்களும் அத்திட்டத்தில் அடங்கும்.

யார் கட்டுவது என்பதைப் பற்றி இரு பேரரசுகள் வழக்காடின. பாதுகாப்பு என்ற சொல் அப்போது எல்லோர் வாயிலும் புழங்கிற்று. ஆனால், கட்டிய பின்னர் அந்த நிலையங்களை இயக்கும் கணினிக்குள் எவர் எவர், எங்கிருந்து, எந்த விதியின்படி நுழையலாம் என்று தீவகத்தாரிடம் எவரேனும் வந்து சொன்னதுண்டா? கம்பனியின் பொறியியலாளர் கடல் கடந்து தொலைவிலிருந்து பழுது பார்க்க உரிமை பெறுவார் எனின், அது பழுது பார்க்கும் நேரத்துக்கு மட்டுமா, எக்காலத்துக்குமா?

இதை வீண் அச்சம் என்று தள்ளிவிட வேண்டாம். உக்ரெயினிலே 2015 டிசம்பர் 23ஆம் நாள், மின்விநியோகக் கம்பனி ஊழியர்களின் நுழைவுச் சொற்களைத் திருடியவர்கள் தொலைவிலிருந்தபடியே உள்ளே புகுந்து, மின்னிணைப்புகளை ஒவ்வொன்றாகத் துண்டித்தார்கள். கடுங்குளிர் காலத்தில் ஏறத்தாழ 2,25,000 பாவனையாளர்கள் சில மணிநேரம் இருளில் மூழ்கினர். நுழைவதற்குக் கடவுச்சொல் ஒன்றே போதுமாயிருந்தது. இரண்டாவது சான்று கேட்கப்படவில்லை. சீனர் கட்டினாலும் இந்தியர் கட்டினாலும் நம்மவரே கட்டினாலும், விதியற்ற வாயில் பகைவனுக்குத் திறந்த வாயிலே.

எழுதாத விதியின் கொடுமை

கட்டுப்பாடு என்றவுடன் அதை அப்படியே வரவேற்பவர்கள் நாம் அல்லோம். கட்டுப்பாட்டின் பேரால் இழைக்கப்பட்ட கொடுமைகளை அறிந்தவர்கள் நாம். நம் குடாநாட்டுக் கிணறுகளிலேயே, சாதியின் பேரால், சக தமிழரைத் துலாக்கயிற்றைத் தொடவிடாமல் தடுத்த காலம் இருந்ததன்றோ? அங்கும் யார் அள்ளலாம் என்ற விதி இருந்தது. ஆனால் அது எழுதாத விதி; கிணற்றுக்காரன் மனத்திலிருந்த விதி; வேலையைப் பாராமல் பிறப்பைப் பார்த்த விதி. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் அது ஒரு நாளில் மறைந்துவிடவில்லை.

பின்னர் போர்க்காலத்தில் பாஸ் முறையும் சோதனைச் சாவடியும் கண்டோம். போகலாமா கூடாதா என்பதை அன்று தீர்மானித்தது எழுதிய சட்டமன்று. சாவடியில் நின்றவனின் அன்றைய மனநிலை. போர் முடிந்த பின்னரும், 2011இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் குடும்ப விபரங்களைப் பதிவு செய்யப் புகுந்தனர். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்ற பின்னரே அது நிறுத்தப்படும் என்ற உறுதி கிடைத்தது.

ஆகவே நமக்கு வேண்டியது கட்டுப்பாடு மட்டுமன்று; நீதியான கட்டுப்பாடு. விதி வழி அணுக்கம் என்னும் முறையிலே ஆளின் தன்மைகளைப் பார்த்துத் தீர்மானிப்பதாகச் சொன்னோம். எந்தத் தன்மையைப் பார்ப்பது என்பதிலேயே நீதியும் அநீதியும் பிரிகின்றன. அதிகாரியின் கடமையைப் பார்த்தால் அது காவல். குடிமகனின் மொழியையும் மாவட்டத்தையும் பிறப்பையும் பார்த்தால் அது கண்காணிப்பு. ஒரே இயந்திரம் இரண்டையும் செய்யும். அதற்கு மனச்சாட்சி கிடையாது. மனச்சாட்சியை விதியிலேதான் எழுத வேண்டும்.

ஆட்சேபங்களுக்கு மறுமொழி

இத்தனை விதிகள் வைத்தால் வேலை நடக்குமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் வரை படகேறி வந்து, அங்கிருந்து பஸ்ஸிலே கந்தோருக்கு வரும் மூதாட்டியிடம், ‘கணினி அனுமதி தரவில்லை, நாளை வாருங்கள்’ என்று சொல்வதற்காக நாம் விதி கேட்கவில்லை. மயங்கிக் கிடக்கும் நோயாளியின் குறிப்பைத் திறக்க வைத்தியர் மேலிடத்து ஒப்புதலுக்குக் காத்திருக்க முடியாது என்பதும் உண்மை. அதற்கும் வழியுண்டு. அவசர வேளையில் காரணத்தைப் பதிந்து உடனே திறக்கலாம். ஆனால் திறந்த செய்தி அக்கணமே குறிப்பேட்டில் ஏறும். பின்னர் அதைப் பிறிதொருவர் விசாரிப்பார். நல்ல விதி என்பது விதிவிலக்கையும் விதியாக எழுதிவைப்பது. விலக்கை எழுதாத விதியே கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி ஒட்டச் செய்கிறது.

பணம் இல்லை என்பார்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலையைத் தள்ளிப்போட்டதன் விலை 2023இல் தெரிந்துவிட்டது. இடம்மாறிப் போன உத்தியோகத்தரின் திறப்பை அன்றே மூடுவதற்குக் கோடிகள் வேண்டியதில்லை, ஒழுங்கு வேண்டும். காப்புப் பிரதியை வலையிலிருந்து கழற்றித் தனியே வைப்பதற்கும் அவ்வாறே.

சட்டம் இருக்கிறதே என்று சிலர் சுட்டிக்காட்டுவர். ஆம், மக்களின் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறிற்று. தம்மைப் பற்றிய தரவைப் பார்க்கவும், பிழை திருத்தவும் அது மக்களுக்கு உரிமை தருகிறது. அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்து ஒத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே சட்டமும் திருத்தப்பட்டது. ஏட்டிலுள்ள சட்டம் இயந்திரத்தில் விதியாக இறங்கும்வரை, அது சுவரில் மாட்டிய வாளே. உறையிலிருந்து உருவ ஆளில்லாத வாள்!

நாம் கோருவன

முதலாவதாக, அரசாங்கத்தின் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும், எந்தப் பதவியினர் எந்த நோக்கத்துக்கு எதைப் பார்க்கலாம் என்ற விதியேடு பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். பூட்டின் உள்ளமைப்பை வெளியிடுமாறு நாம் கேட்கவில்லை. திறப்பு யார் யாரிடம் உண்டு என்பதையே கேட்கிறோம்.

இரண்டாவதாக, அந்த விதியேடு தமிழிலும் வெளிவர வேண்டும். 1956இன் அநீதியை எதிர்த்து நம் மக்கள் செய்த போராட்டத்தின் பின்னரே, 1987இலும் 1988இலும் செய்யப்பட்ட அரசியலமைப்புத் திருத்தங்கள் தமிழை அரசகரும மொழியாகவும் வடக்குக் கிழக்கின் நிருவாக மொழியாகவும் ஏற்றன. நமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட விதி நமக்கு எழுதாத விதியே.

மூன்றாவதாக, தன் கோவையை எந்த அலுவலகம், எந்த நாளில் திறந்தது என்பதை ஒவ்வொரு குடிமகனும் தானே பார்க்க வழிசெய்ய வேண்டும். எஸ்தோனியா என்னும் சிறிய நாட்டில் பல அரசாங்கப் பதிவேடுகளுக்கு இவ்வசதி உண்டு. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

நான்காவதாக, பொலிசாரும் படையினரும் குடிசார் தரவைக் கேட்கும்போது நீதிமன்றக் கட்டளை இன்றிக் கதவு திறவாதபடி விதி அமைய வேண்டும். விதியை எழுதுபவர் ஒருவராகவும், நடைமுறைப்படுத்துபவர் மற்றொருவராகவும், குறிப்பேட்டைச் சோதிப்பவர் இவ்விருவருக்கும் கட்டுப்படாத மூன்றாமவராகவும் இருக்க வேண்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. நம் தொழிலறிஞர்களுக்கு இங்கே பெரும் பொறுப்பு உண்டு. கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் தொரொன்ரோவிலும் கணினித் துறையில் உயர்ந்து நிற்கும் தமிழ் இளைஞர்கள், பிறநாட்டு வங்கிகளுக்கு நாள்தோறும் இத்தகைய விதிகளை வகுத்துக் கொடுக்கிறார்கள். அவர்களுள் சிலர் நம் பிரதேச சபைகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அந்த அறிவில் ஒரு பங்கைக் கொடுக்க முன்வரலாகாதா? கமக்காரரும் கடற்றொழிலாளரும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். விபரம் கேட்டுப் படிவம் நீட்டும் ஒவ்வொரு கந்தோரிலும், ‘இதை யார் பார்ப்பார்கள், எதற்காகப் பார்ப்பார்கள்?’ என்று கேளுங்கள். வாயால் சொல்ல மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் அலட்சியம் செய்வார்கள். ஊரே கேட்டால் மறுமொழி சொல்லித்தான் ஆக வேண்டும்.

விபரம் நம்முடையது, அதைத் தாங்கும் இயந்திரம் நம் வரிப்பணத்தில் இயங்குவது. அதன் திறப்பு எவரிடம் இருக்கிறது என்று கேட்பது நமக்கு எவரும் இரங்கி அளிக்கும் சலுகையன்று, நம் பிறப்புரிமை. அவ்வுரிமையை இன்றே கேட்போம். கைரேகையைக் கொடுத்த பின்னர் கேட்பதைவிடக் கொடுக்கும் முன்னர் கேட்பதே அறிவுடைமை.